அம்மம்மா ஒண்டையும் பிழையா அமத்தேல்லை

"ரவுட்டரை ஒருக்கா நிப்பாட்டி, முப்பது செக்கன் பொறுத்து, திரும்பப் போடுங்கோ." பாட்டுப் பெட்டி பாடாமல் போன எந்த வீட்டிலும் முதலில் கேட்கிற வசனம் இதுதான். கொம்பனியின் உதவிப் பக்கமும் இதைத்தான் சொல்லும். தொலைபேசியில் கதைக்கிற பிள்ளையும் இதைத்தான் சொல்லும். ரொறன்ரோவில் இருந்து வட்சப்பில் வாற மாமாவும் இதைத்தான் சொல்லுவார். அது சரிவராவிட்டால், "பெட்டியை றீசெற் பண்ணிப் பாருங்கோ." அதுவும் சரிவராவிட்டால், "உங்கட பக்கத்து இன்ரநெற் சரியில்லைப் போல." விசாரணை தொடங்க முதலே குற்றவாளி யார் எண்டு முடிவாகிவிடுகிறது: வீடு, வைபை, வீட்டில் இருக்கிற ஆள்.

நான் இந்தத் தீர்ப்புக்கு எதிராக எழுதுகிறேன். கலைப்பீடத்துப் பிள்ளைக்கு ரவுட்டரைப் பற்றி என்ன தெரியும் எண்டு கேட்கிறவர்கள் தொழில்நுட்பப் பீடத்து நண்பர்களிடம் காட்டிச் சரிபார்க்கலாம். அவர்களும் தங்கட வீடுகளில் இதே றீசெற் வேலைதான் சம்பளம் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஸ்ட்ரீமர் எண்டு நான் சொல்வது வைபையில் இணைந்து ஸ்பொட்டிஃபை, இணைய வானொலி, வீட்டுக் கணினியில் கிடக்கிற பாட்டு எல்லாவற்றையும் எடுத்துத் தன்ர ஸ்பீக்கரிலோ எங்கட பழைய அம்பிளிபயரிலோ பாடவைக்கிற பெட்டியை. யாழ்ப்பாணத்தில் இதைக் கடையில் போய் வாங்குகிற ஆட்கள் குறைவு. பெரும்பாலும் லண்டனிலோ பரிசிலோ கனடாவிலோ இருந்து சூட்கேசில் சொக்கிளேற்றுக்கும் சம்பூவுக்கும் நடுவில்தான் வருகிறது. வந்த கையோடு ஒரு எக்கவுண்ட் திறந்து, போனில் செயலி இறக்கி, வைபை பாஸ்வேட் அடித்தால் பாடும். பிறகு ஒருநாள் பாடாது.

2025 மார்ச் 9 ஐ எடுங்கள். அண்டைக்கு உலகம் முழுக்க கூகிளின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டும் குரோம்காஸ்ட் ஓடியோவும் படுத்துவிட்டன. குரோம்காஸ்ட் ஓடியோ எண்டது 2015 இல் 35 டொலருக்கு வந்த சின்ன வட்டத் துண்டு. பழைய செற்றின் பின்பக்கம் ஒரு வயரால் கொழுவினால் செற் ஸ்ட்ரீமர் ஆகிவிடும். 2019 ஜனவரியோடு உற்பத்தியை நிறுத்தினாலும், வாங்கினவர்கள் வைத்துப் பாவித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அண்டைக்குப் போனில் பார்த்தால், இந்தச் சாதனத்தை நம்பமுடியாது, உறுதிப்படுத்த முடியவில்லை எண்ட பொருளில் ஒரு செய்தி.

நடந்தது இதுதான். போன் பெட்டியைக் கண்டதும் "நீ உண்மையிலேயே கூகிள் பெட்டிதானா?" எண்டு கேட்கும். பெட்டி தன் சான்றிதழைக் காட்டும். அந்தச் சான்றிதழை இன்னொரு சான்றிதழ் உறுதிப்படுத்தும். அந்த மேல் சான்றிதழின் ஆயுள் பத்து வருசம். அது 2025 மார்ச்சில் முடிந்தது. முடிய முதல் கொம்பனி புதுசு அனுப்பவில்லை. பெட்டியும் நல்லம், வயரும் நல்லம், வைபையும் நல்லம். அடையாள அட்டை காலாவதி, ஆகவே ஆள் இல்லை. சோதனைச்சாவடி பார்த்த சனத்துக்கு இதை நான் மேலே விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இதில் என்னைக் கொதிக்க வைக்கிறது அதற்குப் பிறகு நடந்தது. வழமையான உதவிப் பக்கப் புத்தி என்ன? றீசெற் பண்ணு. எத்தனையோ பேர் பண்ணினார்கள். பிறகு கூகிள் அறிவித்தது: தயவுசெய்து பெட்டியை றீசெற் பண்ணவேண்டாம் எண்டு. ஏனென்றால் றீசெற் பண்ணின பெட்டியைத் திரும்ப வீட்டு வைபையில் சேர்க்கிறபோதும் அதே சான்றிதழ்தான் தேவை. சில நாட்களில் திருத்தம் வந்தபோது சும்மா இருந்தவர்களின் பெட்டிகள் தாமாக எழும்பின. சொல்வழி கேட்டு றீசெற் பண்ணினவர்கள் இன்னொரு திருத்தம் வரும்வரை காத்திருந்தார்கள். பத்து வருசமாய் எங்களுக்குச் சொல்லித்தந்த அந்த முதல் வைத்தியமே அண்டைக்கு நோயைக் கூட்டினது.

இப்ப என்ர அம்மம்மாவுக்கு வாறன். அவவிடம் இருக்கிறது வேறை ஒரு கொம்பனியின்ர பெட்டி. எது எண்டு சொல்லப்போறதில்லை, ஏனெண்டால் எதுவாய் இருந்தாலும் இதே கதைதான். காலமை அஞ்சரைக்குத் தேவாரம் தானாகத் தொடங்கும். இரவு பழைய பாட்டு ஓடி, அரை மணித்தியாலத்தில் தானாக நிற்கும். மாமா ஊருக்கு வந்தபோது செற் பண்ணிக் குடுத்துவிட்டுப் போனது. ஒருநாள் இரவு செயலி தன்ர பாட்டில் அப்டேற் ஆனது. காலமை திறந்தால் முகமே வேறை. பழைய இடத்தில் பழைய பட்டன் இல்லை. திரும்ப எக்கவுண்டுக்குள் வரச்சொல்லி ஆங்கிலத்தில் கேட்குது. வீட்டு மடிகணினியில் இருந்த பாட்டுக் கோப்புறையைக் காட்டுகிற வழியையே காணேல்லை.

அம்மம்மா சொன்னது: "நான் எதையோ பிழையா அமத்திப்போட்டன் போல, பிள்ளை. கொம்மானுக்குச் சொல்லிப்போடாதை. காசு குடுத்து வாங்கி அனுப்பினவன்."

ஒரு கொம்பனி எங்கேயோ இருந்து ஒரு முடிவு எடுக்கிறது. அந்த முடிவுக்காக எண்பது தாண்டின ஒரு மனிசி வெட்கப்படுறா. இரண்டு கிழமைக்குப் பிறகு வந்த இன்னொரு அப்டேற்றில் அரைவாசி திரும்பி வந்தது. அதோடு வந்த குறிப்பு ஒரே ஒரு வரி: சிறு திருத்தங்களும் மேம்பாடுகளும். அந்த இரண்டு கிழமையும் வீட்டில் எல்லாரும் மாறி மாறி ரவுட்டரை நிப்பாட்டிப் போட்டுக்கொண்டு இருந்ததுதான் மிச்சம்.

வைபையில் பிழையே வராது எண்டு நான் சொல்லவில்லை. வரும். அதுவும் எங்கட வீடுகளில் நல்லா வரும். சுண்ணக்கல்லில் கட்டின பழைய வீட்டுச் சுவரை 5 கிகாஹேர்ட்ஸ் அலை தாண்டப் படாதபாடு படும். 2.4 ஓரளவு தாண்டும். பழைய ஸ்ட்ரீமர்கள் பலதுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். ரவுட்டரில் அதை நிப்பாட்டி வைத்திருந்தாலோ, டபிள்யூபிஏ3 மட்டும்தான் எண்டு பூட்டி வைத்திருந்தாலோ பெட்டிக்கு அந்த வைபையே கண்ணில் படாது. பெட்டி விருந்தினர் வைபையிலும் போன் மற்றதிலும் நிண்டால் ஒண்டையொண்டு காணாது. ஐபோன்காரர் எண்டால், 2020 க்குப் பிறகு வந்த ஐஓஎஸ் பதிப்புகள் வீட்டு வலையமைப்பைப் பார்க்கச் செயலிக்கு அனுமதி கேட்கும். தெரியாமல் மறுத்திருந்தால் செற்றிங்சில் போய்த் திருப்பிக் குடுக்கவேணும்.

எங்கட நாட்டுக்கே உரிய ஒண்டும் இருக்கு. 2022 ஏப்ரல் 3 அரசாங்கம் சமூக ஊடகங்களை மறித்தபோது ஆளாளுக்கு விபிஎன் இறக்கினோமே, அது இன்னும் எத்தனை போன்களில் ஓடிக்கொண்டிருக்கு? விபிஎன் ஓடுகிற போனுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிற ஸ்ட்ரீமர் பலநேரம் தெரியாது. போனின் போக்குவரத்து முழுக்க வேறொரு நாட்டைச் சுற்றி வரும்போது வீட்டுக்குள் இருக்கிறதை அது எப்பிடிக் காணும்? பக்கத்து வீட்டு அண்ணையின் பெட்டி "செத்தது" இப்பிடித்தான். விபிஎன்னை நிப்பாட்டின உடனே பாடத் தொடங்கிவிட்டது.

மின்சாரம் போய் வந்தால் ரவுட்டர் பெட்டிக்கு வேறை முகவரி குடுத்துவிடும், செயலி பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டு நிற்கும். ரவுட்டரின் செற்றிங்சில் அந்தப் பெட்டிக்கு ஒரு நிரந்தர முகவரி ஒதுக்கிவிட்டால் அந்தத் தலையிடி போகும். பெட்டிக்குள் நேரத்தைக் காப்பாற்றி வைக்கிற பற்றறி பெரும்பாலும் இல்லை. எழும்பும்போது இணையத்தில் இருந்துதான் நேரம் எடுக்கும். நேரம் பிழைத்தால் சான்றிதழ் எல்லாம் பிழையாய்த் தெரியும். ஏலுமெண்டால் ஒரு லான் வயரைக் கொழுவிப் பாருங்கோ, வைபைச் சந்தேகம் அதோடு தீரும்.

எல்லாம் பார்க்க அரை மணித்தியாலம் காணும். கடைசியாய் ஒரு சோதனை: அதே வைபையில் இருக்கிற மடிகணினியில் இருந்து ஒரு பாட்டை நேரே பெட்டிக்கு அனுப்புங்கோ. அது பாடி, கொம்பனியின்ர செயலியோ சேவையோ மட்டும் பாடாவிட்டால் உங்கட வைபை சுகமாய் இருக்கு. ரவுட்டரை விடுங்கோ, பாவம்.

மின்சாரத்தைச் சொன்னதால் இதையும் சொல்லவேணும். 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாடு இது. 2025 பெப்ரவரி 9 நாடு முழுக்க இருண்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு புகுந்ததுதான் காரணம் எண்டு மின்சக்தி அமைச்சர் சொன்ன நாடு. இப்பிடியான இடத்தில் "அப்டேற் முடியும்வரை மின்சாரத்தை நிறுத்தவேண்டாம்" எண்டு பெட்டி எச்சரிக்கிறது. நாங்களா நிறுத்துறம்? ஒழுங்காய்ச் செய்த பெட்டி மென்பொருளின் இரண்டு பிரதிகளை வைத்திருக்கும். புதுசு இடையில் குழம்பினால் பழசில் எழும்பும். இது பழைய, தெரிந்த முறை. அதைச் செய்யாமல் விட்டுவிட்டு எச்சரிக்கை எழுதுவது பழியை முன்கூட்டியே எங்கட தலையில் எழுதி வைக்கிற வேலை. அதோடு, எங்களில் பலருக்கு வீட்டு இன்ரநெற் எண்டது அளந்து வாங்குகிற 4ஜி டேற்றா. அந்த அப்டேற்றை இறக்குகிற டேற்றாவும் எங்கட காசு.

உலகின் பெரிய உதாரணத்துக்கு வருவோம். சொனோஸ் எண்ட அமெரிக்கக் கொம்பனி 2024 மே 7 தன் செயலியை முழுசாக மாற்றி வெளியிட்டது. தூக்கத்துக்கு நேரம் வைத்து நிப்பாட்டுகிற வசதி இல்லை. அலாரத்தை மாற்ற முடியவில்லை. பாட்டு வரிசையைத் திருத்த முடியவில்லை. வீட்டுக் கணினியில் இருக்கிற சொந்தப் பாட்டுத் தொகுப்பைக் கையாள முடியவில்லை. திரையை வாசித்துச் சொல்லும் வசதியை நம்பியிருந்த பார்வையற்றவர்கள் திண்டாடிப் போனார்கள். ஜூலையில் தலைமை அதிகாரி பற்றிக் ஸ்பென்ஸ் மன்னிப்புக் கேட்டார். பழைய செயலியையாவது திருப்பித் தாருங்கோ எண்டு சனம் கேட்டது. முடியாது எண்டார்கள். பெட்டிக்குள் இருக்கிற மென்பொருளும் சேர்வரும் மாறிவிட்டன, பழைய செயலியை விட்டால் இன்னும் குழம்பும் எண்டு காரணம் சொன்னார்கள். திருத்த வேலைக்கு 20 முதல் 30 மில்லியன் டொலர் வரை போகும் எண்டார்கள். ஓகஸ்டில் நூறு பேரளவில் வேலை இழந்தார்கள். 2025 ஜனவரி 13 ஸ்பென்ஸ் பதவி விலகினார்.

"திருப்பித் தர முடியாது" எண்ட அந்தப் பதிலில்தான் விசயம் இருக்கு. உங்கட வீட்டு மேசையில், உங்கட காசில் வாங்கின பெட்டி நேற்றுச் செய்த வேலையை இண்டைக்குச் செய்ய வைக்க உங்களாலும் முடியாது, விற்றவனாலும் முடியாது. அப்ப நீங்கள் வாங்கினது என்ன? இதே கொம்பனி அதற்கு முதல் பழைய பெட்டியைக் குடுத்துப் புதுசு வாங்கினால் 30 வீதக் கழிவு தந்தது. நிபந்தனை: பழையதை நீங்களே ஒரு பட்டனை அமத்திக் கொல்லவேணும். அமத்தினால் 21 நாள் கணக்கு ஓடி, பிறகு அந்தப் பெட்டி யாருக்கும் நிரந்தரமாய்ப் பாடாது. நல்லாப் பாடிக்கொண்டிருக்கிற பெட்டி. சனம் கத்தினபிறகு 2020 இல் அந்த முறையைக் கைவிட்டார்கள். ஒரு சாமானைத் தம்பிக்குக் குடுத்து, தம்பி பக்கத்து வீட்டுக்குக் குடுத்து, கடைசியில் திருத்துகிறவரின் கடையில் இன்னொரு பெட்டிக்கு உறுப்பாய்ப் போகிற எங்கட ஊரில் இதைச் சொன்னால் விசர்க்கதை எண்டுதான் நினைப்பினம்.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிட்டு, பெடலைச் சுத்தி, டைனமோவில் பாட்டுக் கேட்ட கதை எல்லா வீட்டிலும் இருக்கு. அதைப் பொற்காலம் ஆக்க எனக்கு விருப்பமில்லை. பற்றறியையே தடைசெய்த பொருள் ஆக்கின காலம் அது. ஆனால் ஒண்டைக் கவனியுங்கோ: அந்த கசெற் பெட்டிக்கு வேண்டியிருந்தது சுத்துகிறதுக்கு ஒரு கால் மட்டும்தான். யாரிடமும் போய், நான் இண்டைக்கும் பாடலாமோ எண்டு அது கேட்கவில்லை. இப்ப மின்சாரம் இருக்கு, பைபர் இருக்கு, பெட்டி காலமை எழும்பி கலிபோர்ணியாவிடம் அனுமதி கேட்குது.

கொம்பனிக்காரரின் பக்கத்து வாதம் ஒண்டு இருக்கு, அதை மறைக்கக் கூடாது. இணையத்தில் நிற்கிற எந்தப் பெட்டிக்கும் பாதுகாப்புத் திருத்தம் தேவை. 2017 இல் டபிள்யூபிஏ2 விலேயே ஓட்டை கண்டுபிடித்தார்கள், கிராக் எண்டு பெயர். அப்டேற் இல்லாத பெட்டிகள் அந்த ஓட்டையோடுதான் கிடந்தன. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூட்டைத் திருத்த வாறவர் வீட்டுக் கதவின் இடத்தையும் சேர்த்து மாற்றிவிட்டுப் போகலாமோ? பாதுகாப்புத் திருத்தம் வேறை, பட்டனை இடம் மாற்றுவது வேறை. இரண்டையும் ஒரே பொதியில் கட்டி, "பாதுகாப்புக்காக" எண்டு திணிப்பதுதான் தந்திரம். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த சைபர் தாங்குதிறன் சட்டத்தில், தொழில்நுட்ப ரீதியில் ஏலுமான இடத்தில் பாதுகாப்புத் திருத்தங்களை வசதி மாற்றங்களில் இருந்து பிரித்துக் குடுக்கவேணும் எண்டு எழுதியே வைத்திருக்கிறார்கள். அதன் முக்கிய கடப்பாடுகள் 2027 டிசம்பரில் அமுலுக்கு வரும். பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல், எவ்வளவு காலத்துக்குப் பாதுகாப்புத் திருத்தம் தருவோம் எண்டதை உற்பத்தியாளர் வெளியே சொல்லவேணும். எங்களிடம் இருக்கிற நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் 2003 ஆம் ஆண்டினது. மா மூட்டையின் நிறையையும் விலையையும் பார்க்கிற காலத்துச் சட்டம். பாண் விலைக்குக் கத்துகிற நாங்கள் இதுக்கும் ஒருக்கா கத்தலாம்.

இன்னொரு வாதம்: பழைய பெட்டிக்காகச் சேர்வரை எத்தனை வருசம் காசு செலவழித்து ஓட்டுறது? ஓட்டவேண்டாம். திறப்பைத் தந்துவிட்டுப் போங்கோ. லொஜிரெக் 2006 இல் ஸ்லிம் டிவைசஸ் கொம்பனியை வாங்கி ஸ்குவீஸ்பொக்ஸ் எண்ட ஸ்ட்ரீமர்களை விற்றது. 2012 இல் அந்த வரிசையைக் கைவிட்டது. 2024 இல் இணையச் சேர்வரையும் மூடியது. ஆனாலும் அந்தப் பெட்டிகள் இண்டைக்கும் பாடுகின்றன. ஏனெண்டால் அவற்றை இயக்குகிற சேர்வர் மென்பொருள் ஆரம்பத்தில் இருந்தே திறந்த மூலம். ஆர்வலர்கள் அதை எடுத்து, இப்போது லிரியன் மியூசிக் சேர்வர் எண்ட பெயரில் வளர்க்கிறார்கள். வீட்டில் கிடக்கிற பழைய மடிகணினியிலேயே ஓடும். மற்றப்பக்கம் ஸ்பொட்டிஃபை 2022 இல் காருக்கெண்டு 90 டொலருக்கு விற்ற கார் திங்: 2024 டிசம்பர் 9 தொலைவில் இருந்தே அணைத்தார்கள். திறப்பைத் தரவில்லை. றீசெற் பண்ணி, பாதுகாப்பாய் அகற்றுங்கோ எண்டார்கள். அங்கேயும் அதே றீசெற்!

இது வசதியான வீட்டுப் பிரச்சினை எண்டு நினைக்கிறவர்களுக்கு ஒண்டு. ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்தது 2021 இல். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலையும் அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தையும் அதற்கு எத்தனையோ வருசம் முதலே இந்த ஊர் கசெற்றில் கேட்டது. கோயில் திருவிழாவில் யாரோ ஒருவர் ரெக்கோடரைத் தூக்கிப் பிடித்துப் பதிந்தது, இடப்பெயர்வில் உடுப்போடு சுருட்டிக் கொண்டுபோனது, இப்போது பேரப்பிள்ளைகள் கணினியில் ஏற்றுவது. அந்தப் பாட்டுகள் எந்தச் சேவையின் பட்டியலிலும் தேடினால் வராது. அவை இருக்கிற இடம் எங்கட வீட்டு ஹாட் டிஸ்க்கில் ஒரு கோப்புறை. ஸ்ட்ரீமர் செயலி ஒண்டு "சொந்தத் தொகுப்பு" எண்ட பட்டனைத் தூக்குகிறபோது நியூயோர்க்கில் இருக்கிறவருக்குப் போவது ஒரு சின்ன வசதி. எங்களுக்குப் போவது இந்தக் கோப்புறைதான்.

(இந்த இடத்தில் 1981 நூலக எரிப்பை இழுக்கப்போறன் எண்டு நினையாதேங்கோ. எரிச்சதும் அப்டேற்றும் ஒண்டில்லை. ஆனால் 2005 இல் நூலகம் இணையத்தளத்தைத் தொடங்கினவர்கள் பிரதிகளைப் பல இடங்களில் வைக்கிற பழக்கத்தை எங்களுக்குக் காட்டித் தந்திருக்கிறார்கள். கசெற் வைத்திருக்கிறவர்கள் ஆவணகம் தளத்தையும் ஒருக்கா எட்டிப் பாருங்கோ.)

ஆக, சூட்கேஸ் கட்டப்போகிற மாமாமாருக்கும் சித்திமாருக்கும் நேரடியாய்ச் சொல்கிறேன். அடுத்த முறை கடையில் நிற்கும்போது இதுகளைக் கேளுங்கோ. எக்கவுண்ட் இல்லாமல் பாடுமோ? இன்ரநெற் இல்லாத நேரம் யூஎஸ்பியில் இருந்தோ வீட்டுக் கணினியில் இருந்தோ பாடுமோ? தானாக அப்டேற் ஆவதை நிப்பாட்ட வழி இருக்கோ? பாதுகாப்புத் திருத்தம் எத்தனையாம் ஆண்டு வரைக்கும், அது பெட்டியில் அச்சடித்திருக்கோ? லான் வயர் கொழுவ ஒரு ஓட்டை இருக்கோ? கனடாவில் வாங்குறியள் எண்டால் 230 வோல்ற் தாங்குமோ எண்டதையும் பாருங்கோ, இஞ்ச அதையே கொழுவி எரிச்ச வீடுகள் இருக்கு. இரண்டு கேள்விக்குமேல் விற்பனைப் பிள்ளை முழிச்சால், பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டு, மூண்டு டெராபைற் ஹாட் டிஸ்க் ஒண்டும் சாதாரண புளூரூத் ஸ்பீக்கர் ஒண்டும் வாங்கி வாங்கோ. எங்கட பழைய மடிகணினி மிச்சத்தைப் பார்க்கும்.

அம்மம்மாவின் பெட்டி இப்ப லான் வயரில் நிற்குது, தானாக அப்டேற் ஆகிறதை நிப்பாட்டியாச்சு. தேவாரம் பழைய மடிகணினியில் இருந்து வருது. அஞ்சரைக்குத் தொடங்குது, சில நாள் அஞ்சு நாப்பதுக்கு. அது மடிகணினியின்ர வயசு.